யோசனையோடு வந்தவர்களும் மதீனாவின் பதிலும்



இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில் ஒருவர் அருகில் வந்து நிற்கிறார். நிக்காஹ் வீட்டில் சஹனைச் சுற்றி அமர்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சைத் தொடங்குகிறார். தாம் ஆரம்பிக்க எண்ணியிருக்கும் வியாபாரத்தை நாம் கேளாமலேயே விவரித்துவிட்டு, இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார். உலமாக்களிடமும், ஊரில் நாலு காசு பார்த்த வியாபாரிகளிடமும், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களிடமும் இக்கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு நம்மிடம் பழக்கமான இரண்டு பதில்கள் உள்ளன. மாஷா அல்லாஹ், நல்ல யோசனை, பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள் என்பது ஒன்று. இதெல்லாம் இந்த ஊரில் சரிவராது தம்பி என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்வதற்குச் சொல்பவருக்கு எந்தச் செலவும் இல்லை. கேட்பவரின் நிலை அவ்வாறன்று. அவருடைய கற்பனையில் உம்மாவின் நகை ஏற்கனவே அடகுக் கடைக்குப் போய்விட்டது. வாப்பாவின் காணி உறுதி வங்கியின் மேசைமீது இருக்கிறது. நாம் போகிற போக்கில் உதிர்த்த ஒரு வார்த்தை, நாளை ஒரு குடும்பத்தின் கடனாக மாறக்கூடும்.

ஆலோசனை கேட்கப்பட்டவர் நம்பி ஒப்படைக்கப்பட்டவர் ஆவார் என்ற கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய ஆறு கடமைகளை எடுத்துரைக்கும் ஹதீஸிலும், உன்னிடம் அவன் நல்லுபதேசம் கோரினால் அதனை வழங்கு என்பது ஸலாம் கூறுதலோடும் நோய் விசாரித்தலோடும் ஒன்றாகச் சேர்த்தே சொல்லப்பட்டுள்ளது. ஆனால் அந்தக் கடமையை எவ்வாறு நிறைவேற்றுவது? கேட்டவர் மனம் குளிரப் பேசுவதா? பயமுறுத்தித் திருப்பி அனுப்புவதா? வியாபாரமும் விவசாயமும் மக்களின் மூச்சாக இருந்த மதீனாவிலே, இப்படியான யோசனைகளோடு மனிதர்கள் வந்தபோது என்ன பதில் கிடைத்தது என்பதை வரலாற்றிலிருந்து பார்ப்போம்.

கி.பி. 622இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தபோது மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களில் பலர் வெறுங்கையோடு வந்தவர்கள். அவர்கள் வியாபாரச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். கோடையில் ஷாமுக்கும் குளிர்காலத்தில் யமனுக்கும் சென்ற வணிகக் கூட்டங்களின் பிள்ளைகள். மதீனாவோ பேரீச்சந் தோட்டங்களின் ஊர். இந்நிலையில் அன்ஸாரிகள் நபி (ஸல்) அவர்களிடம் தாமாகவே ஒரு திட்டத்தோடு வந்தார்கள். எங்கள் பேரீச்ச மரங்களை எங்களுக்கும் எங்கள் சகோதரர்களுக்கும் இடையே பங்கிட்டுத் தாருங்கள் என்பதே அத்திட்டம். இதைவிடத் தாராளமான யோசனை இருக்க முடியுமா? ஆயினும் நபி (ஸல்) அவர்கள் வேண்டாம் என்றார்கள்.

விடயம் அத்துடன் முடிந்துவிடவில்லை. தோட்டங்களைப் பராமரிக்கும் உழைப்பை முஹாஜிர்கள் ஏற்கட்டும், விளைச்சலில் நாம் அவர்களைப் பங்காளிகளாக்கிக் கொள்வோம் என்று திட்டம் திருத்தப்பட்டது. இதனை இரு தரப்பாரும் ஏற்றுக்கொண்டார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் இச்சம்பவத்தைப் பதிவு செய்துள்ளார்கள். மரமும் மண்ணும் உரியவரிடமே இருந்தன. உழைப்புக்குக் கண்ணியமான கூலியாகப் பங்கு கிடைத்தது. முஹாஜிர்கள் தர்மம் வாங்குவோராக ஆகவில்லை. அன்ஸாரிகளும் தம் பிள்ளைகளின் வாழ்வாதாரத்தை இழக்கவில்லை. ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றி கொள்ளப்பட்டு முஹாஜிர்களின் கை சற்று நிறைந்தபோது, அன்ஸாரிகள் கனிகளைப் பயன்படுத்திக்கொள்ளக் கொடுத்திருந்த மரங்களை அவர்கள் திருப்பி ஒப்படைத்ததாகவும் ஹதீஸில் வருகிறது. முதல் யோசனை அப்படியே ஏற்கப்பட்டிருந்தால் திருப்பிக் கொடுப்பதற்கான பேச்சே எழுந்திராது.

அதே காலத்தில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களிடம் ஸஃது இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களுக்காக துஆச் செய்துவிட்டு அப்துர் ரஹ்மான் (ரழி) கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இங்கே சந்தை எங்கே இருக்கிறது? பனூ கைனுகா சந்தையைக் காட்டினார்கள். சென்றார்கள், பாலாடைக்கட்டியும் நெய்யும் இலாபமாகக் கொண்டு திரும்பினார்கள். முதல் தா என்று கேட்போர் நிறையப் பேர். வழி காட்டு என்று கேட்போர் சிலரே. நம்மிடம் வருபவர் இந்த இரண்டில் எதைக் கேட்கிறார் என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நமது நேரத்தையும் அவரது நேரத்தையும் காப்பாற்றும்.

இனி, மிக முக்கியமானதாக நான் கருதும் சம்பவத்துக்கு வருகிறேன்.

பேரீச்சை மரத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் பூவை எடுத்துப் பெண் மரத்தின் பாளைக்குள் வைத்துவிடுவது விவசாயிகளின் பண்டைய வழக்கம். காற்றை மட்டும் நம்பிவிட்டால் காய்ப்புக் குறையும், காயும் சிறுத்துவிடும். மதீனாவில் சிலர் மரத்தின் உச்சியில் இருந்து இவ்வேலையைச் செய்துகொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவ்வழியே சென்றார்கள். என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார்கள். விளக்கப்பட்டது. இது பயன் தரும் என்று நான் எண்ணவில்லை என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொன்னார்கள். அச்செய்தி விவசாயிகளின் காதுக்கு எட்டியது. உடனே அவர்கள் அவ்வழக்கத்தைக் கைவிட்டார்கள். அவ்வாண்டு காய்கள் சூம்பிப் போயின.

நபி (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள்? அது தமது எண்ணம் மாத்திரமே என்றும், எண்ணத்துக்காகத் தம்மைப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்றும், அல்லாஹ்விடமிருந்து ஒன்றை அறிவித்தால் அதைப் பற்றிப் பிடிக்குமாறும் கூறினார்கள். உங்கள் உலக விவகாரங்களை நீங்களே நன்கறிந்தவர்கள் என்ற கருத்தும் இன்னோர் அறிவிப்பில் வந்துள்ளது. ஸஹீஹ் முஸ்லிமில் இவ்வறிவிப்புகள் இடம்பெறுகின்றன.

நேயர்களே, இதனைச் சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். வஹீ இறங்கிய நாவு, விவசாயத்தில் தமது அபிப்பிராயம் வேறு, மார்க்கத்தில் தமது கட்டளை வேறு என்று பகிரங்கமாகப் பிரித்துக் காட்டியது. இன்று நிலைமை என்ன? ஓர் இளைஞர் மௌலவியிடம் வந்து ஒரு வியாபாரத்தை விவரிக்கிறார். மௌலவி அதில் வட்டி இருக்கிறதா, மோசடி இருக்கிறதா, ஹராமான பொருள் இருக்கிறதா என்று பார்க்கிறார். இல்லையென்றால் ஆகும் என்கிறார். அந்த ஆகும் என்ற சொல் வாசலைத் தாண்டும்போது உருமாறிவிடுகிறது. ஹழ்ரத் நல்லது என்றார், ஹழ்ரத் தொடங்கச் சொன்னார் என்று வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. உம்மா அதைக் கேட்டு வளையலைக் கழற்றிக் கொடுக்கிறார். மௌலவி பதில் சொன்னது ஆகுமா ஆகாதா என்ற கேள்விக்கு. வளையல் கழன்றது இலாபம் வருமா வராதா என்ற கேள்விக்கு. இந்த இரண்டாவது கேள்வியில் மௌலவிக்கு எந்த அறிவும் இல்லாமல் இருக்கலாம். சந்தையில் முப்பது ஆண்டு கடை வைத்திருக்கும், எழுத்து வாசனை குறைந்த ஒரு நானாவுக்கு அது தெரிந்திருக்கலாம். ஆகவே மார்க்கத்தின் பெயரால் கேட்கப்படும்போது, நான் எதற்குப் பதில் சொல்கிறேன், எதற்குச் சொல்லவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்வது உலமாக்களாகிய எங்கள்மீது கடமையாகும் என்பதே எனது தாழ்மையான கருத்து.

தெரியாது என்று சொல்வது இழிவல்ல. ஹிஜ்ரி 179இல் (கி.பி. 795) மதீனாவிலே மரணித்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஒரு சபையில் 48 கேள்விகள் கேட்கப்பட்டதாகவும், அவற்றில் 32 கேள்விகளுக்குத் தெரியாது என்றே அவர்கள் பதில் அளித்ததாகவும் அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். அவை மார்க்கக் கேள்விகள். அவர்களோ அத்துறையின் இமாம். நாமோ துணிக்கடைக்கும் கோழிப் பண்ணைக்கும் ஒரே மூச்சில் தீர்ப்பு வழங்குகிறோம்!

மார்க்கத்துக்கு உட்பட்ட பகுதியில் வந்த கேள்விகளுக்கு நபி (ஸல்) அவர்கள் எவ்வாறு பதில் அளித்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அன்னை கதீஜா (ரழி) அவர்களின் சகோதரர் மகன் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி). மக்காவின் கைதேர்ந்த வியாபாரி. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது இஸ்லாத்தைத் தழுவியவர். அவர் ஒரு வியாபார முறையைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். ஒருவர் என்னிடம் வந்து, என்னிடம் இல்லாத பொருளைக் கேட்கிறார். நான் அவருக்கு விற்றுவிட்டு, பிறகு சந்தையில் அதை வாங்கிக் கொடுக்கலாமா? உன்னிடம் இல்லாததை விற்காதே என்பது பதிலாக வந்தது. திர்மிதீ, அபூதாவூத் முதலான நூல்களில் இது உள்ளது.

இக்கேள்வி ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் பழைமையானது என்று நம்ப முடிகிறதா? கையில் சரக்கு ஒன்றும் இல்லாமல், பொருளின் படத்தைக் கைப்பேசியில் போட்டு, பணம் வந்த பிறகு வேறொருவரிடம் வாங்கி அனுப்பும் வியாபாரத்தைப் பற்றி இன்று நம் இளைஞர்கள் கேட்பது ஹகீம் (ரழி) அவர்கள் கேட்ட அதே கேள்வியைத்தான். பொருள் கிடைக்காமல் போனால், விலை ஏறிவிட்டால், வந்தது பழுதாக இருந்தால், யார் பொறுப்பு? தடையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அதே மதீனாவில் இன்னொரு வழி திறந்தே இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அங்கு வந்தபோது, மக்கள் ஓராண்டு, ஈராண்டு முன்கூட்டியே பணம் கொடுத்துக் கனிகளை வாங்கும் பழக்கம் உடையோராக இருந்தார்கள். அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் அறியப்பட்டதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கும் இந்த ஹதீஸின் அடிப்படையிலேயே ஸலம் எனும் முன்பண வியாபாரத்தின் சட்டங்களை இமாம்கள் வகுத்தார்கள். முழுத் தொகையும் முன்னரே கையளிக்கப்பட வேண்டும் என்பது பெரும்பாலான இமாம்களின் முடிவு. பிறருடைய பொருளை அவருக்காக விற்றுக் கொடுத்துத் தரகு பெறும் வழியும் பிக்ஹில் உண்டு. ஆகவே கைப்பேசி வியாபார யோசனையோடு வரும் இளைஞரிடம் ஹராம் என்ற ஒற்றைச் சொல்லை வீசிவிட்டு நடையைக் கட்டுவது பாதிப் பதிலே ஆகும். மீதிப் பாதியைச் சொல்ல நேரமில்லாவிட்டால், நேரம் உள்ளவரிடம் அவரை அனுப்ப வேண்டும்.

பிலால் (ரழி) அவர்களின் சம்பவமும் இதே இயல்புடையது. பர்னீ எனும் உயர்ரகப் பேரீச்சம் பழத்தைக் கொண்டு வந்தார்கள். எங்கிருந்து என்று கேட்கப்பட்டது. மட்டமான பழம் இரண்டு ஸாஉ கொடுத்து இதில் ஒரு ஸாஉ வாங்கினேன் என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் வருந்தி, இது அப்பட்டமான வட்டி என்று கண்டித்தார்கள். உடனேயே, உன்னிடமுள்ளதை விற்றுவிடு, கிடைக்கும் பணத்தில் நல்லதை வாங்கிக்கொள் என்று வழியும் சொன்னார்கள். பிலால் (ரழி) அவர்களின் நோக்கம் குறையாகக் கொள்ளப்படவில்லை. முறை மட்டுமே திருத்தப்பட்டது.

யோசனையைச் சொல்பவர் யார் என்பதை வைத்து யோசனையை அளப்பது நமது இன்னொரு பலவீனம். பணக்காரரின் மகன் சொன்னால் தொலைநோக்கு; முச்சக்கர வண்டி ஓட்டுபவர் சொன்னால் பகற்கனவு. கைபர் வெற்றிக்குப் பிறகு அங்கிருந்த யூத விவசாயிகள், நிலத்தைத் தாங்களே பயிரிட்டு விளைச்சலில் பாதியைத் தருவதாகக் கோரினார்கள். போரில் தோற்றவர்களின் யோசனை அது. எனினும் அந்நிலத்தையும் மரங்களையும் அறிந்தவர்கள் அவர்களே. முஸ்லிம்களிடமோ அப்போது அவ்வேலைக்குப் போதிய ஆட்கள் இல்லை. யோசனை ஏற்கப்பட்டது. விளைச்சலை மதிப்பிட அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரழி) அனுப்பப்பட்டார்கள். மதிப்பீட்டைக் குறைப்பதற்காக அவர்களுக்கு நகைகள் நீட்டப்பட்டதையும், அவர்கள் அதை வெறுத்து மறுத்ததையும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிவு செய்கிறது. மதிப்பிட்ட பின், விரும்பினால் இந்த அளவுக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையெனில் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று தெரிவை அவர்களிடமே விட்டுவிடுவார்கள். தாம் சொன்ன மதிப்பீட்டின்படி எந்தப் பக்கத்திலும் நிற்கத் தயாராக இருந்தார்கள் என்பதே இதன் பொருள்.

பெற்றோர்கள் அஞ்சும் ஒரு விடயம் இருக்கிறது. ஊரும் அதில் பெரும்பாலும் மௌனம் சாதிக்கிறது. தம் மகன் இன்னாருடன் கூட்டு வியாபாரம் செய்யப் போகிறான், அவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு தந்தை விசாரிக்கிறார். கேட்கப்பட்டவருக்கு உண்மை தெரியும். அந்த மனிதர் இதற்கு முன் இருவரின் பணத்தை முடக்கியதும் தெரியும். ஆனால் புறம் பேசுவது பாவமாயிற்றே என்று, நல்ல மனிதர்தான் என்று சொல்லி நழுவுகிறார். இது பேணுதலா?

பாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்களை முஆவியா (ரழி) அவர்களும் அபூ ஜஹ்ம் (ரழி) அவர்களும் பெண் கேட்டிருந்தார்கள். அவர் நபி (ஸல்) அவர்களிடம் இதைத் தெரிவித்தார். அபூ ஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர், முஆவியா பொருள் வசதியற்றவர் என்று இருவரின் நிலையையும் நபி (ஸல்) அவர்கள் வெளிப்படையாக எடுத்துரைத்து, உஸாமா (ரழி) அவர்களை மணந்துகொள்ளுமாறு ஆலோசனை வழங்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. கி.பி. 1277இல் மரணித்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீன் நூலில், ஒருவரின் குறையைச் சொல்வதற்கு அனுமதியுள்ள சந்தர்ப்பங்களை விளக்கும்போது, திருமணத்துக்கும் வியாபாரக் கூட்டுக்கும் அமானிதம் ஒப்படைப்பதற்கும் ஆலோசனை கேட்கப்படுவதை அவற்றுள் ஒன்றாகச் சேர்த்துள்ளார்கள். கேட்கப்பட்டவர் நிலைமையை மறைக்காதிருப்பது கடமை என்பதே அவர்களின் விளக்கம். ஆனால் அளவு இருக்கிறது. கேட்கப்பட்ட விடயத்துக்குத் தேவையானதை மட்டும், நலன் நாடும் எண்ணத்தோடு, கேட்டவரிடம் மட்டுமே சொல்ல வேண்டும். கூட்டு வியாபாரத்தைப் பற்றிக் கேட்டால் அவரது கொடுக்கல் வாங்கலைச் சொல்லலாம். அவரது வீட்டுச் சண்டையை அவிழ்க்கத் தேவையில்லை.

இப்போது, பெற்றோர்கள் உற்றுக் கேட்க வேண்டிய ஒரு வழக்கு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முவத்தாவில் இதை அறிவிக்கிறார்கள்.

கி.பி. 634 முதல் 644 வரை ஆட்சி செய்த கலீபா உமர் (ரழி) அவர்களின் புதல்வர்கள் அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் ஒரு படையுடன் ஈராக் சென்றார்கள். திரும்பும் வழியில் பஸராவின் ஆளுநராக இருந்த அபூ மூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்களைச் சந்தித்தார்கள். உங்களுக்குப் பயன்படும் ஏதாவது செய்ய முடியுமானால் செய்வேன் என்று சொன்ன அபூ மூஸா (ரழி), ஒரு யோசனையை முன்வைத்தார்கள். மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுப் பணம் இருக்கிறது. அதை உங்களுக்குக் கடனாகத் தருகிறேன். ஈராக்கின் பொருட்களை வாங்கி மதீனாவில் விற்றுவிட்டு, முதலைக் கலீபாவிடம் ஒப்படையுங்கள், இலாபம் உங்களுக்கு. இருவரும் விரும்பினார்கள். அவ்வாறே செய்து இலாபமும் கண்டார்கள். அரசுப் பணத்தில் ஒரு திர்ஹமும் குறையவில்லை.

பணத்தை ஒப்படைக்க வந்தபோது உமர் (ரழி) அவர்கள் எவ்வளவு இலாபம் என்று கேட்கவில்லை. உங்களுக்குக் கடன் கொடுத்ததைப் போல் படையிலுள்ள எல்லோருக்கும் அவர் கொடுத்தாரா என்று கேட்டார்கள். இல்லை என்றார்கள். அமீருல் முஃமினீனின் பிள்ளைகள் என்பதால் கொடுத்திருக்கிறார். முதலையும் இலாபத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் என்று தீர்ப்பளித்தார்கள்.

அப்துல்லாஹ் (ரழி) மௌனமாக இருந்தார்கள். உபைதுல்லாஹ் வாதாடினார்: இது தகுமா? பணம் குறைந்திருந்தால், அழிந்திருந்தால் நாங்கள்தானே ஈடு செய்திருப்போம்? இது பலமான வாதம். நட்டத்தைச் சுமக்கத் தயாராக இருந்தவருக்கே இலாபம் என்பது பிக்ஹின் அடிப்படைகளில் ஒன்று. உமர் (ரழி) மீண்டும் கொடுங்கள் என்றார்கள். மகன் மீண்டும் வாதாடினார். அப்போது சபையில் இருந்த ஒருவர், இதை கிராழ் ஆக ஆக்கிவிடலாமே என்றார். முவத்தா அவரது பெயரைக் குறிப்பிடவில்லை. உமர் (ரழி) ஏற்றார்கள். முதலும் இலாபத்தில் பாதியும் பைத்துல்மாலுக்கு, மறு பாதி பிள்ளைகளுக்கு என்று முடிந்தது.

கிராழ், அதாவது முழாரபா என்பது என்ன? ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார். இலாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதப்படி பகிர்வார்கள். உழைப்பவரின் கவனயீனமோ வரம்பு மீறலோ இன்றி நட்டம் வந்தால், பணம் முதல் போட்டவருக்குப் போகும்; உழைப்பவருக்கு அவரது உழைப்புப் போகும். இதில் மாதாமாதம் இலட்சத்துக்கு இவ்வளவு என்று நிச்சயிக்கப்பட்ட தொகைக்கு இடமே இல்லை. ஆயினும் மச்சானிடமும் மாமியிடமும் பணம் திரட்டி, மாதம் இவ்வளவு தருவேன் என்று வாக்களிக்கும் திட்டத்துக்கு முழாரபா என்று பெயர் சூட்டிக்கொண்டு வருவோர் உண்டு. அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். நட்டம் வந்தால் யாருடையது? பதில் தடுமாறினால் திட்டமும் தடுமாறுகிறது என்று பொருள்.

இந்த வழக்கில் நான் வியப்பது அந்தப் பெயர் அறியப்படாத மனிதரைத்தான். தந்தையின் நீதியும் மகனின் வாதமும் மோதிக்கொண்டிருந்த இடத்தில் அவர் எவரையும் புகழவில்லை, எவரையும் பழிக்கவில்லை. இருவரும் ஏற்கக்கூடிய மூன்றாவது ஒப்பந்தம் ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை ஒரே வாக்கியத்தில் சொன்னார். அறிவுள்ளவரின் ஆலோசனை நீளமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் வீடுகளிலோ மகன் ஒரு வியாபார யோசனையைச் சொன்னால், தந்தை வெளிநாட்டு வேலைக்குப் போகச் சொல்கிறார். மகன் கதவை அடித்துச் சாத்துகிறான். மூன்றாவது மனிதரை யாரும் தேடுவதில்லை.

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு இருபுறமும் திரும்பிப் பார்த்தால் அது அமானிதமாகும் என்ற கருத்துடைய ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உண்டு. வியாபார யோசனையைக் கூறுபவர் பெரும்பாலும் இப்படித்தான் கூறுகிறார். அதைக் கேட்டுவிட்டு அடுத்த மாதம் நம் மருமகன் அதே சந்தியில் அதே கடையைத் திறந்தால், நாம் சாப்பிட்டது எதை?

இதைவிட நுட்பமான சோதனை ஒன்றும் உண்டு. நாம் இருக்கும் துறையிலேயே தொழில் தொடங்கவோ, நாம் வாங்க விரும்பும் பொருளை விற்கவோ ஒருவர் நம்மிடம் வருகிறார். உண்மையைச் சொன்னால் அவருக்கு இலாபம், நமக்கு நட்டம். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 80 முதல் 150 வரை (கி.பி. 699–767) வாழ்ந்தவர்கள், கூபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள். பிக்ஹின் மாபெரும் இமாம் என்று நாம் அறிந்த அவர்களைக் கூபாச் சந்தை துணி வியாபாரியாகவும் அறிந்திருந்தது. பழுதுள்ள துணி ஒன்றை அதன் குறையைச் சொல்லாமல் அவர்களின் கூட்டாளி விற்றுவிட்டபோது, வாங்கியவரை அடையாளம் காண முடியாததால் அந்தச் சரக்கின் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்பது அவர்களைப் பற்றிய பிரபலமான செய்தி.

ஒருநாள் ஒரு பெண் பட்டுத் துணி ஒன்றை விற்கக் கொண்டு வந்தார். என்ன விலை என்று கேட்டார்கள். நூறு என்றார். இது அதைவிடப் பெறுமதியானது என்றார்கள் இமாம் அவர்கள். பெண் இன்னும் நூறு கூட்டினார். அதைவிடவும் பெறுமதியானது என்றார்கள். இவ்வாறு நூறு நூறாக ஏறி நானூறுக்கு வந்தது. இன்னும் கூடுதல் என்றார்கள். வாங்குபவரே விலையை ஏற்றுவதைக் கண்ட அந்தப் பெண், என்னைப் பரிகாசம் செய்கிறீர்களா என்று கேட்டுவிட்டார். விலை மதிக்க ஒருவரை அழைத்து வாருங்கள் என்றார்கள் இமாம் அவர்கள். ஒருவர் அழைத்து வரப்பட்டார். அத்துணியை இமாம் அவர்கள் ஐந்நூறுக்கு வாங்கினார்கள்.